உடைந்தது எந்த ரதம்? ஒரு பையனின் கேள்வியும் எங்கள் தவறும்

சுங்கை ஊடாங் ஆலயத் தொண்டர்கள் நாங்கள் எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிவிட்டு, நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

ராம நவமி அன்று மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து ராமாயணக் கதை சொன்னோம். சீதையை ராவணன் புஷ்பக விமானத்தில் தூக்கிக்கொண்டு பறந்தான், வழியில் ஜடாயு மறித்துச் சண்டை போட்டு அந்த விமானத்தை உடைத்துப் போட்டார் என்று சொன்னோம். கதை அப்படியே போய், போர் முடிந்து, ராமர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு புஷ்பக விமானத்தில் அயோத்திக்குத் திரும்பினார் என்று முடித்தோம். பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள்.

ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான். படிவம் மூன்று படிக்கிற பையன்.

"அங்கிள், புஷ்பக விமானத்தைத்தான் ஜடாயு உடைச்சிட்டாரே. அப்புறம் ராமர் எந்தப் புஷ்பக விமானத்துல போனாரு? ரெண்டாவது ஒண்ணு இருந்துச்சா?"

மத்த பிள்ளைங்க சிரிச்சிட்டாங்க. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நாங்கள் சொன்னது வேறு. "சாமி கதையில இப்படியெல்லாம் நோண்டக்கூடாது தம்பி. வாயை மூடிக்கிட்டு உட்காரு." அவன் விடாமல், "இல்ல அங்கிள், ஸ்டார் டிரெக்லகூட ஒரு கப்பல் உடைஞ்சிட்டு..." என்று ஆரம்பித்தான். "இது என்ன உன் இங்கிலீஷ் படமா?" என்று அதட்டினோம். தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவன் சமய வகுப்புக்கு வரவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். அவன் காரிலேயே உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே கூப்பிட்டால், "பரவால்ல அங்கிள்" என்கிறான். அந்தப் "பரவால்ல" எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவன் அப்பாவைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தோம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசினோம். அவர் கோபப்படவில்லை. "அவன் எல்லாத்தையும் அப்படித்தான் பார்ப்பான். ஸ்டார் டிரெக் தொடருக்கு ஒரு நோட்டே வச்சிருக்கான். எந்தக் கப்பல் எப்ப உடைஞ்சிச்சு, எந்த ஆளு எதுல செத்துட்டு எதுல திரும்ப வந்தான்னு எழுதி வைப்பான்" என்றார். அப்போதுதான் அவன் அன்றைக்கு என்ன சொல்ல வந்தான் என்று எங்களுக்குப் புரிந்தது.

அவர் சொன்னதையும், பிறகு நாங்களே தேடிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். ஸ்டார் டிரெக் 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளித் தொடர். அதில் எண்டர்பிரைஸ் என்று ஒரு விண்கப்பல். நம் காருக்கு நம்பர் பிளேட் மாதிரி அதற்கும் ஓர் எண் உண்டு: என்.சி.சி. 1701. 1984-ல் வந்த மூன்றாவது திரைப்படத்தில் அந்தக் கப்பல் அழிந்துவிடுகிறது. 1986-ல் வந்த நான்காவது படத்தின் கடைசியில் அதே பெயரில் வேறு கப்பல் வருகிறது. எண்ணின் பின்னால் ஓர் 'ஏ' சேர்த்திருக்கிறார்கள். பழையது போய்விட்டது, இது புதியது என்று பார்க்கிறவனுக்குக் குழப்பம் இல்லை. நம் பையன் புஷ்பக விமானத்துக்கும் இப்படி ஏதாவது கணக்கு இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறான். கேலி செய்யவில்லை.

அந்தத் தொடரில் கிளிங்கான் என்று ஓர் இனம். முதல் தொடரில் அவர்களுக்கு நம்மைப் போலச் சாதாரண நெற்றி. 1979-ல் படம் வந்தபோது நெற்றியில் மேடு மேடாக எலும்பு. ஒப்பனைக்குக் காசு கூடியது, முகம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. ஒரே இனத்துக்கு எப்படி இரண்டு முகம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2005-ல், மரபணுவை மாற்றப் போய் வந்த ஒரு நோயால் நெற்றி மாறியது என்று கதையிலேயே ஒரு காரணம் வைத்தார்கள். கால் நூற்றாண்டுக் கேள்வி. கேட்டவர்களை யாரும் வாயை மூடு என்று சொல்லவில்லை.

பிரிட்டனில் டாக்டர் ஹூ என்று ஒரு தொடர், 1963-லிருந்து. முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியாமல் போனதும் 1966-ல் வேறு நடிகரைப் போட்டார்கள். ஆள் மாறியதற்குக் காரணம் வேண்டுமே? அந்த டாக்டர் சாகிற நேரத்தில் உடம்பு மாறிப் புதிதாக எழுந்திருப்பார் என்று கதை செய்தார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு வேறு, ஆள் ஒன்றே என்பது நமக்குப் புதிதா? பத்து அவதாரம் பார்த்தவர்கள் நாம்.

சரி, இப்போது எங்கள் விமானத்துக்கு வருவோம். கடையிலிருந்து வந்தபிறகு, எங்களில் வால்மீகி ராமாயணத்தின் தமிழ் உரை வைத்திருக்கிற ஒரு பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். பார்த்தால், தப்பு பையனிடம் இல்லை. கதை சொன்ன எங்களிடம்தான்.

ஆரண்ய காண்டத்தில் ராவணன் சீதையைக் கொண்டு போனது புஷ்பக விமானத்தில் இல்லை. கழுதை பூட்டிய, மாயத்தால் ஆன, பொன் ரதத்தில். அதற்கு முன் மாரீசனைப் பார்க்கப் போனதும் கழுதை பூட்டிய ரதத்தில்தான். ஜடாயு உடைத்தது அந்த ரதத்தை. கழுதைகளையும் கொன்று போட்டார். ரதம் போனபிறகு ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் தானே பறந்து போகிறான்.

புஷ்பக விமானம் எங்கே இருந்தது? பத்திரமாக இலங்கையில் இருந்தது. அது விசுவகர்மா பிரம்மாவுக்காகச் செய்தது. பிரம்மாவிடமிருந்து குபேரனுக்குப் போனது. குபேரனை ஜெயித்து ராவணன் பிடுங்கிக்கொண்டான். சுந்தர காண்டத்தில் ஆஞ்சநேயர் இலங்கையில் சீதையைத் தேடும்போது ராவணன் மாளிகையில் அந்த விமானத்தைக் கண்ணால் பார்க்கிறார். உடைந்து போயிருந்தால் எப்படிப் பார்த்திருப்பார்? இதில் எங்களுக்கு வெட்கம் என்னவென்றால், வருஷா வருஷம் சுந்தர காண்டம் பாராயணம் செய்கிறோம். வாய் படித்தது, மனசு படிக்கவில்லை.

யுத்த காண்டத்தில் இன்னும் அழகான இடம் இருக்கிறது. நாகபாசத்தில் கட்டுண்டு ராமரும் லட்சுமணரும் விழுந்து கிடக்கிறார்கள். இறந்துவிட்டார்கள் என்று காட்டுவதற்காகச் சீதையைப் புஷ்பக விமானத்தில் ஏற்றிக் கொண்டு வந்து காட்டச் சொல்கிறான் ராவணன். சீதை கதறுகிறார். கூட இருந்த திரிசடை சமாதானம் சொல்கிறாள். அவள் சொல்கிற காரணங்களில் ஒன்று இந்த விமானம்தான்: கணவனை இழந்தவளை இந்தத் தெய்வ விமானம் சுமக்காது, உன்னைச் சுமந்து நிற்கிறது என்றால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறாள். ஒரு வாகனத்தின் இயல்பை வைத்தே, கண்ணால் பார்த்தது பொய் என்று நிரூபிக்கிறாள். எங்கள் பையன் செய்தது இதே வேலைதானே? கேட்ட கதையில் ஒன்றையும் இன்னொன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து, எங்கேயோ ஒத்து வரவில்லையே என்றான். திரிசடைக்குச் சீதையின் நன்றி கிடைத்தது. அவனுக்கு எங்கள் அதட்டல் கிடைத்தது.

அந்த விமானத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்பதும் எழுதியிருக்கிறது. ராமர் அயோத்தி சேர்ந்ததும் அதைக் குபேரனிடமே திருப்பி அனுப்புகிறார். உத்தர காண்டத்தில் அது திரும்பி வருகிறது, குபேரனே உங்களுக்குச் சேவை செய்யச் சொன்னார் என்று. நினைக்கும்போது வா என்று ராமர் அனுப்பி வைக்கிறார். செய்தவர் யார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கடைசியில் எங்கே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. எண்டர்பிரைஸ் கப்பலுக்குக்கூட இவ்வளவு சுத்தமாகக் கணக்கு இருக்குமா தெரியவில்லை.

இதற்குப் பிறகு எங்களுக்கே ஆர்வம் வந்துவிட்டது. பிள்ளைகள் வேறு என்னவெல்லாம் கேட்கலாம் என்று பேசினோம்.

ராமாயணத்து ஆஞ்சநேயர் மகாபாரதத்தில் எப்படி வந்தார்? வன பர்வத்தில் சௌகந்திகப் பூவைத் தேடிப் போகிற பீமன், வழியில் படுத்திருக்கிற ஆஞ்சநேயரின் வாலைத் தூக்க முடியாமல் திணறுகிறானே, அந்த இடம். அவர் சிரஞ்சீவி, அதனால் வந்தார். இது நாம் எல்லோரும் சொல்கிற பதில். ஆனால் அதற்கு மேலேயும் இருக்கிறது. கடலைத் தாண்டிய அந்தப் பெரிய உருவத்தைக் காட்டுங்கள் என்று பீமன் கேட்கிறான். ஆஞ்சநேயர் முதலில் மறுக்கிறார். அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு. மண், ஆறு, மரம், மலை எல்லாமே யுகத்துக்கு ஏற்ற மாதிரி மாறிவிடும், நானும் அப்படித்தான் என்று விளக்குகிறார். பிறகுதான் காட்டுகிறார். இரண்டு கதை சந்திக்கிற இடத்தில் கேட்கிறவனுக்குச் சந்தேகம் வரும் என்று வியாசருக்குத் தெரிந்திருக்கிறது. பதிலை முன்னாலேயே வைத்துவிட்டார்.

ஜாம்பவான் இன்னொருவர். ராமரோடு இலங்கைக்குப் போனவர், சியமந்தக மணிக்காகக் கிருஷ்ணரோடு மல்லுக்கு நிற்கிறார். பாகவதத்தில் 28 நாள், விஷ்ணு புராணத்தில் 21 நாள். அடிபட்டு அடிபட்டு, இவர் என் ராமர் என்று அடையாளம் கண்டு, மகள் ஜாம்பவதியைக் கட்டிக் கொடுக்கிறார். பரசுராமர் சீதா கல்யாணம் முடிந்த கையோடு ராமர் முன்னால் வந்து நிற்கிறார். பிறகு பீஷ்மருக்கும் துரோணருக்கும் கர்ணனுக்கும் ஆயுதம் சொல்லித் தருகிறார். விபீஷணரும் உண்டு. தருமருடைய ராஜசூயத்துக்காகத் தெற்கே வந்த சகாதேவன், கடற்கரையிலிருந்து அவருக்குத் தூது அனுப்பித் திறை வாங்குகிறான்.

பதில் இருக்கிற கேள்விகள் இவை. பதில் இல்லாத கேள்வியும் இருக்கிறது. மண்டோதரியின் அப்பா மயன். இந்திரப்பிரஸ்தத்தில் பாண்டவர்களுக்கு மாய சபை கட்டிக் கொடுத்ததும் மயன். ஒரே மயனா? சிற்பக் கலையில் வல்லவர்களுக்கு அந்தப் பெயர் வழிவழியாக வந்ததா? இரண்டு விதமாகவும் பெரியவர்கள் சொல்கிறார்கள். எது சரி என்று அடித்துச் சொல்ல எங்களால் முடியாது.

ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாததும் இருக்கிறது. காட்டில் இருக்கிற தருமருக்கு மார்க்கண்டேய முனிவர் ராமாயணத்தையே கதையாகச் சொல்கிறார். மகாபாரதத்துக்குள் ஒரு குட்டி ராமாயணம். அதில் கும்பகர்ணனைக் கொல்வது லட்சுமணர். வால்மீகியில் கொல்வது ராமர். ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்கினான் என்பது வால்மீகி. கம்பர் அதற்கு மனம் ஒப்பவில்லை. தாயாரைத் தொடாமல், பன்னசாலையோடு, நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போனான் என்று பாடினார். கம்பர் வால்மீகியைப் படிக்காமலா மாற்றினார்? படித்து, பக்தியினால் மாற்றினார். இதைத் தவறு என்று சொல்வோமா? மாட்டோம். அப்படியானால் எது எங்கே வருகிறது என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதில் நமக்கு என்ன பயம்?

எங்கள் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். எஸ்டேட் திடலில் திரை கட்டிப் படம் போடுவார்கள். 1957 மாயா பஜாரில் கிருஷ்ணர் என்.டி.ராமராவ். 1958 சம்பூர்ண ராமாயணத்தில் ராமரும் அவரே. 1964 கர்ணனில் மறுபடியும் கிருஷ்ணர். ஒரே முகம். யாருக்கும் குழப்பம் இல்லை, கும்பிட்டுக்கொண்டு பார்த்தோம். இந்தியத் தொலைக்காட்சியில் 1987-ல் ராமானந்த் சாகரின் ராமாயணத்தில் தாரா சிங் ஆஞ்சநேயர். அடுத்து வந்த பி.ஆர்.சோப்ராவின் மகாபாரதம் வேறு ஒருவர் எடுத்த தொடர். அதிலும் பீமனைச் சந்திக்கிற ஆஞ்சநேயராக வந்தது தாரா சிங்தான். யுகம் மாறினாலும் ஆள் அதே ஆள் என்று ரசிகனுக்குக் காட்டினார்கள். தொடர்ச்சி பிசகக்கூடாது என்பது நமக்கும் தெரிந்த விஷயம்தான். பையன் சொன்னதுதான் நமக்கு அதிகப்பிரசங்கமாகத் தெரிந்தது.

இதை எங்கள் கூட்டத்தில் பேசியபோது இரண்டு பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்கு விமானத்தைக் கேட்பான், நாளைக்குச் சாமியே இருக்கான்னு கேட்பான். முகநூல்ல நம்மளக் கிண்டல் பண்றவனும் இதே கேள்வியைத்தான் கேக்கிறான்" என்றார்கள். அவர்கள் கவலை நியாயமானது. கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். கிண்டல்காரன் கேட்டாலும் பக்தன் வீட்டுப் பிள்ளை கேட்டாலும் பதில் ஒன்றுதான். அந்தப் பதில் நம்மிடம் இல்லையென்றால் இரண்டு பேரிடமும் தோற்றுப் போவோம். கோவிலில் பதில் கிடைக்காத பிள்ளை கேள்வியை விட்டுவிட மாட்டான். கைத்தொலைபேசியில் கேட்பான். அங்கே யார் பதில் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

எங்களில் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் உண்டு. இரவு ஷிப்ட் எழுதி வைத்த எண்ணிக்கையும் காலை ஷிப்ட் எண்ணிப் பார்த்ததும் ஒத்து வரவில்லை என்றால், அதைக் கண்டுபிடித்த பையனை சூப்பர்வைசர் திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த தடவை அவன் சொல்ல மாட்டான். குறை உள்ளேயே இருக்கும், சரக்கு வெளியே போய்விடும். இருபது முப்பது வருஷமாக வேலை இடத்தில் தெரிந்த இந்தச் சின்ன விஷயம் கோவில் மண்டபத்தில் எங்களுக்கு மறந்து போனது.

இன்னொரு எச்சரிக்கையும் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம். தெரியாத இடத்தில் பெருமைக்காகப் பொய் சொல்லக்கூடாது. புஷ்பக விமானம் என்றதும், அந்தக் காலத்திலேயே நம் முனிவர்கள் விமானம் கட்டும் சாஸ்திரம் எழுதிவிட்டார்கள் என்று புலனத்தில் ஒரு செய்தி சுற்றும். வைமானிக சாஸ்திரம் என்ற அந்த நூல் 1918-லிருந்து 1923 வரை ஒருவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1974-ல் அதை ஆராய்ந்து, அதில் சொன்ன மாதிரி கட்டினால் பறக்காது என்று எழுதினார்கள். இதைப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். அந்த ஒரு பொய்க்காக நாம் சொன்ன ஆயிரம் உண்மையையும் சந்தேகப்படுவான். ராமரின் பெருமை என்ஜினில் இல்லை. காரியம் முடிந்ததும் அடுத்தவர் பொருளை உரியவரிடம் திருப்பி அனுப்பினாரே, அதில் இருக்கிறது.

எங்கள் கருத்து இதுதான். கதையில் ஓட்டை கண்டுபிடிக்கிற பிள்ளை, கதையை முழுசாகக் கேட்ட பிள்ளை. கை தட்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஜடாயு எதை உடைத்தார் என்று ஞாபகம் இருந்தது? அவன் ஒருவனுக்கு இருந்தது. அந்த மாதிரிப் பிள்ளைதான் நாளைக்கு நம் இடத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குக் கதை சொல்லப் போகிறவன். அவனைத்தான் காருக்குள் உட்கார வைத்துவிட்டோம்.

அதனால் மூன்று காரியம் முடிவு செய்திருக்கிறோம். மண்டபத்தில், திருநீறு தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பிள்ளைகள் எந்தக் கேள்வியையும் எழுதலாம், பெயர் போட வேண்டாம். அடுத்த வாரம் பதில் சொல்வோம். தெரியாவிட்டால் "தெரியவில்லை, தேடுகிறோம்" என்று அதிலேயே எழுதுவோம். இரண்டாவது, கதை சொல்கிறவர் இது வால்மீகியில் இருக்கிறது, இது கம்பரில் இருக்கிறது, இது நம் பாட்டிமார் சொன்னது என்று பிரித்துச் சொல்லப் பழகுவோம். வால்மீகி, கம்பர், வியாச பாரதம், பாகவதம் தமிழ் உரையோடு யாரிடமாவது கூடுதலாக இருந்தால் ஆலயத்துக்குக் கொடுத்து உதவுங்கள். மூன்றாவது, பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "தெரியாது தம்பி" என்று சொல்வதில் மரியாதை குறையாது. நாங்கள் சொல்லாமல் விட்டதால்தான் குறைந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். ஆரண்ய காண்டத்தை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "நீ கேட்டது சரி, நாங்க சொன்னதுதான் தப்பு. மன்னிச்சிடு தம்பி" என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். பிறகு, "அப்ப அந்தக் கழுதை ரதம் யாரு செஞ்சது அங்கிள்?" என்று கேட்டான்.

எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னோம். நோட்டில் முதல் கேள்வியாக அதை எழுதியிருக்கிறோம். அவன் வகுப்புக்கு வருவானா என்று இன்னும் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

புஷ்பக விமானத்தைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமாம். வானரங்கள் ஏறினார்கள், விபீஷணர் ஆட்களோடு ஏறினார், போதாததற்குச் சீதை கேட்டுக்கொண்டபடி கிஷ்கிந்தையில் நிறுத்தி வானரப் பெண்களையும் ஏற்றிக்கொண்டார்கள். நம் மண்டபமும் அப்படித்தான் இருக்க வேண்டும். கேள்வியோடு வருகிற பிள்ளைக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். காரில் விட்டுவிட்டு வராதீர்கள். கழுதை ரதத்தைச் செய்தது யார் என்று தெரிந்தவர்கள், எந்த நூலில் இருக்கிறது என்பதோடு கீழே எழுதுங்கள். எங்கள் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு திருத்துங்கள்.

ஜெய் ஸ்ரீராம். ஓம் நமசிவாய.